பதினான்கு நாள் கூட்டும் விசை

போன மாதம் ஒரு மாலை திருகோணமலைக் கடற்கரையில் கச்சான் வாங்கினேன். எங்கள் ஊரில் கச்சான் என்றால் கடலையும்தான், மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கிற காற்றும்தான். இரண்டும் சேர்ந்து கிடைத்த மாலை அது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்று முடித்து, கச்சான் சுற்றித் தந்த தாள் சுருளை எறிவதற்கு முன் பழைய பழக்கத்தில் விரித்துப் பார்த்தேன். கையில் அகப்படுகிற எழுத்தையெல்லாம் வாசித்துவிட்டு எறிகிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஏதோ ஒரு லொறிக் கம்பனியின் உதிரிப்பாகப் பட்டியல். வாசிக்க ஒன்றுமில்லை. ஆனால் தாளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டத் துளைகள்.

"இந்தத் தாள் எங்கால?" என்று கச்சான்காரரிடம் கேட்டேன்.

"பழைய கடதாசிக் கடையில கட்டுக் கட்டாக் கிடக்கு அக்கா. நல்ல தாள், கிழியாது" என்றார்.

கிழியாதுதான். அதை ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாகக் கிழித்தவள் நான்.

அந்தத் துளைகளில் அச்சு இயந்திரத்தின் பற்சக்கரங்கள் பல்லை மாட்டித் தாளை இழுக்கும். ஊசிகள் மை நாடாவில் குத்திக் குத்தி எழுத்தாக்கும். தகரத்தை யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கீறுவது போல ஒரு சத்தம். போர்க்காலத்தில் எங்கள் நூலகத்தில் அந்தச் சத்தம் முதல்முதல் கேட்டபோது வாசிப்பு மேசையில் இருந்த இரண்டு பேர் சட்டென்று மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார்கள். பிறகு அவர்களில் ஒருவர் எழும்பி, விழுந்த பேனையை எடுத்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, பேப்பரை விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நானும் பார்க்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அது ஒரு மரியாதை.

நூலகம் துறைமுகத்துக்குப் பின்புறம் இருந்தது. மிகச் சின்னது. முன்னால் வாசிப்பு மண்டபம், பின்னால் புத்தக அறை, அதற்குப் பக்கத்தில் நாங்கள் இருந்து வேலை செய்யும் ஒரு துண்டு அறை. உப்புக் காற்று எல்லாவற்றுக்குள்ளும் போகும். ஆணி துருப்பிடிக்கும், புத்தகம் ஊதும். மழைக்காலத்தில் றாக்கையிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தால் பக்கத்துப் புத்தகமும் கூடவே வரும். மத்தியானத்தில் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் முற்றத்துக்கு வரும். திருகோணமலை மான்களுக்கு மனிதப் பயம் கிடையாது. அச்சுத் தாளின் ஓரத்தில் இருக்கும் துளை நாடாவைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டால், கூடையைக் கவிழ்த்து அதையும் தின்னும். எங்கள் நூலகத்திலிருந்து ஒரு பொருளையும் திருப்பித் தராமல் கொண்டுபோனவர்களில் முதலிடம் அவைக்குத்தான்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது ஒரு அரைப் பொய்யினால். மூன்று மாதக் கொம்பியூட்டர் வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தேன். அதில் இரண்டு மாதம் மின்சாரம் இல்லை. மாஸ்டர் கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்து, "இதை அமத்தினா இது வரும்" என்று படிப்பித்தார். நேர்முகத்தில் நூலகர் "கொம்பியூட்டர் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டபோது "ஓம் சேர்" என்றேன். கரும்பலகையில் தெரியும் என்று சொல்லவில்லை.

நூலகர் சபாநாதன் சேர் மெலிந்த மனிதர், பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தவர். தன் கையெழுத்து எந்தத் தாளில் விழுகிறது என்பதில் மட்டும் மிகக் கவனம். வேறு நேரங்களில் ஈயைக்கூட "தள்ளிப் போ" என்றுதான் சொல்வார்.

எனக்கு ஒரு வருடம் முன்னதாகச் சேர்ந்தவள் பௌசியா. என் வயதுதான். கிண்ணியாவிலிருந்து வருவாள். இப்போது போலப் பாலம் இல்லை அப்போது. பாதை என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடந்து, இந்தக் கரையில் இறங்கி, சோதனைக்கு வரிசையில் நின்று, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும். எட்டரைக்குத் தொடங்கும் வேலைக்கு விடிய முன்னம் வெளிக்கிடுவாள். பையில் எப்போதும் எனக்கும் சேர்த்து ஏதாவது இருக்கும். அவளின் கையெழுத்து அச்சு மாதிரி. பட்டியல் அட்டைகளில் பாதிக்கு மேல் அவள் எழுதியவை. அந்த அட்டைகளைத்தான் நான் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோக வேண்டும் என்று மாகாண அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அவளுக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நான் வாசிக்கிறன், நீ தட்டு புள்ள" என்றாள்.

அப்படித்தான் தொடங்கினோம். அவள் அட்டைகள் அடுக்கிய லாச்சியை மேசையிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டு அட்டை அட்டையாக வாசிப்பாள்: சேர்வு இலக்கம், ஆசிரியர், தலைப்பு, பகுப்பு எண், மொழி, பதிப்பித்த இடம், வருடம். நான் அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாகத் தட்டுவேன். ஒரு புத்தகத்துக்கு ஐந்து நிமிடம் போகும். மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் சேமிக்காததெல்லாம் போச்சு. ஒரு கிழமை முடிவில் கணக்குப் பார்த்தோம். இந்த வேகத்தில் போனால் இருவரும் பென்சன் எடுக்கும்போது 'ம' வரிசைக்கு வந்திருப்போம்.

கொம்பியூட்டரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் மேக்ரோ என்ற சொல் கண்ணில் பட்டது. விசயம் இதுதான். "இப்ப நான் செய்யிறதைப் பார்" என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு, ஒரு வேலையை ஒரு தடவை செய்து காட்டவேண்டும். எந்தக் கட்டத்துக்குப் போனேன், என்ன எழுதினேன், எங்கே திரும்பினேன் என்று ஒவ்வொரு விசைத் தட்டலையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அதற்கென்று ஒரு விசையைக் கொடுத்துவிட்டால், அந்த ஒன்றை அமத்தினால் போதும். முழுவதையும் தானே செய்யும். மொழி தமிழ், இடம் யாழ்ப்பாணம், நிலை இருப்பில், அடுத்த வரிக்குப் போ.

நான் முதலில் அதைச் செய்து காட்டிய நாள் பௌசியா கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பிவிட்டாள். திரையில் எழுத்துக்கள் தாமாக ஓடி, கட்டங்கள் நிரம்பின. சபாநாதன் சேரும் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"ஆர் தட்டுறது?" என்று கேட்டார்.

"மேக்ரோ சேர்."

"மைக்ரோவோ. நல்லது நல்லது" என்று விட்டுப் போனார். கடைசிவரை அது அவருக்கு மைக்ரோதான்.

எனக்குத் தலை கனத்துவிட்டது. எதைக் கண்டாலும் மேக்ரோ எழுதினேன். ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லை முன்னுக்கு வைப்பதற்கு ஒன்று எழுதினேன். அது புனைபெயர்களையும் பிடித்துப் புரட்டி, அலைவாய்க் கவிராயர் என்றொருவரை 'கவிராயர், அலைவாய்' ஆக்கியது. இன்னொரு நாள் ஒரு கோழி வளர்ப்புப் புத்தகத்தை உதாரணமாக வைத்து மேக்ரோவைப் பழக்கினேன். பகுப்பு எண்ணை அதற்குள் நிரந்தரமாக எழுதிவிட்டேன் என்பதைக் கவனிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சமயப் பிரிவு முழுவதும் கோழி வளர்ப்பு. "புராணம் எல்லாம் கோழிக்கூட்டுக்குள்ள போயிட்டுது பிள்ளை" என்றார் சேர், மிக மெதுவாக. பௌசியா லாச்சிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். அவள் சிரித்தால் அட்டைகள் அதிரும்.

ஆனாலும் வேலை நகர்ந்தது. மாதக்கணக்கில் எடுக்குமென்று நினைத்த வரிசைகள் கிழமைக்குள் முடிந்தன. மாகாண அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். பாராட்டு ஒரு நாளும் தனியே வருவதில்லை. அடுத்த கிழமையே புதிய உத்தரவு வந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாகத் திரும்பி வராத புத்தகங்களையெல்லாம் 'தொலைந்தது' என்று பதிந்து, எடுத்தவர்களின் அங்கத்துவத்தை நீக்கி, பட்டியலை அனுப்பவும். அதன்படிதான் புதிய புத்தகங்கள் வரும்.

இரவல் அட்டைகளையெல்லாம் பௌசியா எடுத்துத் தந்தாள். பெயர், புத்தகம், திருப்ப வேண்டிய திகதி. அவற்றைத் தட்டி முடித்தபின் நான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த மேக்ரோவை எழுதினேன். அது ஒவ்வொரு வரியாகப் போகும். திருப்ப வேண்டிய திகதியைப் பார்க்கும். இரண்டு வருடம் கடந்திருந்தால் புத்தகத்துக்கு நேரே 'தொலைந்தது' என்று எழுதும், ஆளுக்கு நேரே 'நீக்கப்பட்டது' என்று எழுதும், அடுத்த வரிக்கு இறங்கும். ஒரு திங்கட்கிழமை பின்னேரம், பௌசியா பாதைக்கு நேரமாகிவிட்டதென்று போனபிறகு, விசையை அமத்தினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. அந்த வருடங்களில் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு பேர் புத்தகத்தோடு போய்விட்டார்கள் என்பது திரையில் வரிசையாக இறங்கியது. படகேறிப் போனவர்கள், முகாமுக்குப் போனவர்கள், வெளிநாடு போனவர்கள். எனக்கு அது அப்போது அப்படித் தெரியவில்லை. மேக்ரோ பிழையில்லாமல் ஓடுகிறது என்ற சந்தோசம்தான். அச்சடித்து, துளை நாடாக்களைக் கிழித்து, சேரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்துக் கையெழுத்திட்டார். புதன்கிழமை தபாலில் போகவேண்டியது.

அடுத்த நாள் செவ்வாய். கரையில் சோதனை அதிகம் என்று பௌசியா வரப் பிந்திவிட்டது. வழமையாக அவள் இருக்கும் இரவல் மேசையில் நான் இருந்தேன். ஒன்பது மணிபோல ஒரு பெரியவர் வந்தார். தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு, அகன்ற தோள், கைவிரல்கள் ஒவ்வொன்றும் கயிறு மாதிரி. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர் என்று பிறகு அறிந்தேன். தம்பிராசா ஐயா.

"அந்த மகள் வரேல்லையோ?" என்றார்.

"பிந்தி வருவா. என்ன அலுவல் ஐயா?"

"மகன்ர புத்தகத்துக்குத் திகதி போட வந்தனான்." மகனின் பெயர் சுதாகரன் என்றார். புத்தகம் வானொலி திருத்துவது பற்றியது.

துண்டு அறைக்குள் போய்க் கொம்பியூட்டரில் தேடினேன். கண்டுபிடித்த வேகத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அதே வேகத்தில் வந்து சொல்லியும் விட்டேன்.

"அந்தப் புத்தகம் தொலைஞ்சதெண்டு போட்டாச்சு ஐயா. அங்கத்துவமும் நீக்கியாச்சு."

அவர் மேசையில் கையை ஊன்றினார். "ஆர் பிள்ளை சொன்னது, தொலைஞ்சதெண்டு?"

"ஒருதரும் சொல்லேல்ல ஐயா. கொம்பியூட்டர் தானாப் பாத்துப் போட்டது."

"அதுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். ஒருவேளை அதற்கு ஏதும் தெரிந்திருக்கலாம் என்ற மாதிரி. அவர் வாசிப்பு மண்டபத்து நீள மர வாங்கில் போய் இருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

பௌசியா வந்ததும் அவரைக் கண்டாள், என் முகத்தையும் கண்டாள். என்னைத் துண்டு அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்த் தன் மேசை லாச்சியைத் திறந்து ஓர் இரவல் அட்டையை எடுத்துக் காட்டினாள். நிரம்பியதும் பின்னால் ஒட்டி, அதுவும் நிரம்பியதும் இன்னொன்று ஒட்டி, விசிறி மாதிரி விரியும் அட்டை. இரண்டு கிழமைக்கு ஒரு திகதி முத்திரை. ஒன்றுகூடத் தவறவில்லை.

"நாலு வருசம் புள்ள. எனக்கு முந்தி இருந்தவரும் குத்தியிருக்கார்" என்றாள். "பொடியனை ஒரு சுற்றிவளைப்பில ஆமி கூட்டிட்டுப் போனதாம். சந்தைப் பக்கம் ரேடியோ திருத்துற கடையில வேலை செஞ்சவன். புத்தகம் அவன்ட பையில இருந்திருக்கு. நான் உனக்குத் தந்த கட்டில அவன் புத்தகம் எடுத்த நாள் எழுதின முதல் அட்டைதான் இருந்திருக்கும். இத நான் ஆருக்கும் காட்டல்ல. புத்தகம் இல்லாம தவணை நீட்ட ஏலாதுதானே, அதுதான் சட்டம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே" என்றேன்.

"நீ மிசினுக்குச் சொல்லியிருப்பாய்."

அது சரியான கதை. எனக்குக் கண் கலங்கியது. அவமானத்தாலா, அந்தப் பெரியவரின் கைகளை நினைத்தா என்று தெரியவில்லை.

நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். தம்பிராசா ஐயா எழும்பி நின்றார். என்னைக் குற்றம் சொல்ல வேண்டாமென்று பௌசியாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நான் போகாத கந்தோர் இல்லைப் பிள்ளை. எல்லா இடத்திலயும் கொப்பியைப் புரட்டிப் போட்டு, அப்பிடி ஒரு பேர் எங்களிட்ட இல்லை எண்டுதான் சொல்லுறாங்கள். இந்த ஒரு இடத்திலதான் பேரைச் சொன்னா, ஓம் இருக்கு எண்டு சொல்லுறது" என்றார். மனைவி படுக்கையில் இருக்கிறாவாம். ஒவ்வொரு தரமும் புதிய திகதியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டுபோய் அவவுக்குக் காட்டவேண்டுமாம்.

சபாநாதன் சேரிடம் போனோம். கையெழுத்திட்ட பட்டியல் உறைக்குள் இருந்தது. பௌசியா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். தன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்துதான் சொன்னாள். சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புத்தகத்தைக் காணாமல் தவணை நீட்டினது எண்டு என்ர கையெழுத்தோட ஒரு தாள் போக ஏலாது" என்றார்.

கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"அந்தப் பேரை எழுதி அனுப்பினா, விசாரிக்க வாறவங்கள் எங்களைத்தான் கேப்பாங்கள். பெடியனை உங்களுக்குத் தெரியுமோ, எப்ப வந்தவன், எப்ப போனவன் எண்டு. விளங்குதோ?"

விளங்கியது. அந்தக் காலத்தில் யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்த அறையில் இல்லாத யாரோடோ கதைப்பது போல யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மைக்ரோ தானாச் செய்யிற வேலைக்கு நான் கையெழுத்து வைக்கத் தேவையில்லைத்தானே."

பிறகு உறையைக் கிழித்து, பட்டியலை எடுத்து என்னிடம் தந்தார். "இதில ஒரு எழுத்துப் பிழை கிடக்குது. திருப்பி அடிச்சுக்கொண்டு வாரும்."

எந்த எழுத்து என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

மின்சாரம் போவதற்கு முன் முடிக்கவேண்டும் என்ற பதற்றத்தில் அந்த முற்பகல் வேலை செய்தேன். முதலில் சுதாகரனின் வரியில் 'தொலைந்தது' என்பதையும் 'நீக்கப்பட்டது' என்பதையும் அழித்து, திகதியைப் பௌசியாவின் அட்டையில் இருந்த கடைசி முத்திரைக்கு மாற்றினேன். பிறகு ஒரு சின்ன மேக்ரோ எழுதினேன். கோப்பைத் திறந்த உடனே அது ஓடும். அந்த ஒரு வரிக்குப் போகும். திகதி வந்துவிட்டதா என்று பார்க்கும். வந்திருந்தால் பதினான்கு நாளைக் கூட்டும். அவ்வளவுதான். யாரும் எதையும் அமத்தத் தேவையில்லை. நாங்கள் மூவரும் மறந்துபோனாலும், வேலையை விட்டுப் போனாலும், அந்தப் புத்தகம் என்றைக்கும் முறைப்படி இரவலில் இருக்கும்.

வெளியே ஓடிப்போய்த் தம்பிராசா ஐயாவிடம் சொன்னேன். "இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை ஐயா. நீங்கள் வெயிலுக்குள்ள வரத் தேவையில்லை. அது தானாத் திகதி போடும்."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கதவுக்கு ஊடாகத் திரையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் வரத் தேவையில்லையோ?" என்றார்.

பௌசியா என் முழங்கையில் கிள்ளினாள். தேவையில்லாத கிள்ளு. எனக்கே அப்போது விளங்கிவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் சேட்டை மடித்துப் போட்டு, செக் பொயின்ற்றில் எங்கே போகிறாய் என்று கேட்டால் "மகன்ர அலுவலாப் போறன்" என்று சொல்லி, நடந்து வந்து, ஒரு மேசைக்கு முன்னால் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வதற்கு அவருக்கு இருந்த ஒரே இடத்தை நான் இன்னொரு தரம் பறித்திருந்தேன்.

"ஒரு நிமிசம் ஐயா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தானாக ஓடுவதை நிற்பாட்டினேன். அதே மேக்ரோவுக்கு மேல்வரிசையில் கடைசியாக இருந்த ஒரு விசையைக் கொடுத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு அவரைக் கூப்பிட்டேன். துண்டு அறைக்குள் வெளியாட்கள் வரக்கூடாதென்பதும் ஒரு சட்டம்தான். சபாநாதன் சேர் அந்த நேரம் பார்த்து முற்றத்தில் நின்ற மானை விரட்டப் போய்விட்டார்.

"இதை நீங்கள்தான் அமத்த வேணும் ஐயா. நீங்கள் அமத்தினாத்தான் திகதி மாறும்."

அவர் இரண்டு கைகளையும் உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். "மெல்லமா அமத்தவோ, இறுக்கியோ?"

"மெல்லமாப் போதும்."

எத்தனையோ தொன் பாரத்தைக் கப்பலிலிருந்து தூக்கித் துறையில் சேதமில்லாமல் இறக்கிய விரல் அது. விசைக்கு மேலே சிறிது நேரம் நின்றது. பிறகு முட்டையைத் தொடுவது போல அமத்தியது. திரையில் அந்த வரி ஒருதரம் மினுங்கி, திகதி மாறியது. பெயரும் திகதியும் உள்ள ஒரு துண்டை அச்சடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சுதாகரன் எண்டு வடிவா விழுந்திருக்கு" என்றார்.

அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய் அவர் வந்தார். மின்சாரம் இல்லாத நாளில் வரும்வரை வாங்கில் இருப்பார். சில நாட்களில் ஊதிப்போன புத்தகங்களைத் தன்பாட்டில் எடுத்து, வெயிலில் விரித்து, மான் வராமல் காவல் இருப்பார். மகனைப் பற்றித் துண்டு துண்டாகச் சொல்வார். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றி, பூட்டத் தெரியாமல், பேப்பரில் சுற்றித் தென்னைக்குக் கீழே புதைத்துவிட்டானாம். அடி விழும் என்ற பயத்திலாம். "நான் அடிக்கிறேல்லை எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்று சொல்லி நிறுத்துவார். சபாநாதன் சேர் பென்சனில் போகும் நாளில் புதிதாக வந்த நூலகருக்குச் சாவிகளை ஒப்படைத்துவிட்டு, "கடைசி விசையை மட்டும் மாத்திப் போடாதேங்கோ, அது கொம்பியூட்டருக்கு நல்லதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரின் வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாக இருக்கலாம்.

நான் கலியாணம் கட்டி வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனேன். பௌசியாவோடு கடிதம், பிறகு தொலைபேசி. மனைவி செத்தபிறகும் ஐயா வந்தார் என்று எழுதினாள். துண்டை யாருக்குக் காட்டுகிறார் என்று கேட்க மனம் வரவில்லை என்றாள். போர் நின்றதுபோல இருந்த அந்தச் சில வருடங்களில் ஒருநாள் அவரும் போய்விட்டார். அதற்கடுத்த செவ்வாய் பௌசியா தானே அந்த விசையை அமத்தினாள். அடுத்ததற்கும். எத்தனை வருடம் என்று அவள் சொல்லவில்லை.

பிறகு போர் உண்மையாகவே முடிந்து, நூலகம் புதிய கட்டடத்துக்குப் போய், கொழும்பிலிருந்து ஆட்கள் புதிய ஒழுங்கோடு வந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் கோடுகள் போட்ட ஒரு சின்னத் தாளை ஒட்டி, ஒரு கருவியால் காட்டினால் போதும். பழைய கோப்பிலிருந்து வரிகளை அங்கே மாற்றினார்கள். கையில் இல்லாத அந்த வானொலிப் புத்தகத்தின் வரி வந்ததும் பௌசியாவிடம் கேட்டார்களாம்.

"திருப்பித் தந்ததா, தொலஞ்சதா, ரெண்டில ஒண்டச் சொல்லுங்க எண்டாங்க புள்ள" என்று தொலைபேசியில் சொன்னாள். "நான் ரெண்டையும் சொல்லல்ல. எப்பிடிச் சொல்ற? அப்ப இத விட்டிட்டுப் போறம் எண்டு அடுத்த வரிக்குப் போயிட்டாங்க."

அவள் இப்போது கிண்ணியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். பாதை ஓடிய இடத்தில் நீளமான பாலம். அவள் விடியமுன் வெளிக்கிட்டு வந்த தூரத்தை, அவளைப் பார்க்கப் போனபோது நான் ஓட்டோவில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்தேன். பழைய நூலகக் கட்டடத்தை இடித்து அந்தக் காணியில் வாகனம் நிறுத்துகிறார்கள். அந்தக் கொம்பியூட்டர் எந்த இரும்புக் கடைக்குப் போனதென்று ஒருவருக்கும் தெரியாது. அதில் நான் எழுதிய மேக்ரோக்களில் ஒன்றுகூட இன்று எங்கேயும் ஓடாது.

கச்சான் வாங்கிய மாலைக்கு அடுத்த நாள் புதிய நூலகத்துக்குப் போனேன். குளிரூட்டிய மண்டபம். மேசையில் ஒரு பிள்ளை, நல்ல முகம். சுதாகரன் என்று ஓர் அங்கத்தவர் இருக்கிறாரா என்று கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, தட்டிப் பார்த்தாள்.

"மூண்டு பேர் வருகுது அன்ரி" என்றாள். கொஞ்சம் கிட்டப் போய்த் திரையைப் பார்த்தாள். "ஆனா எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளையள். சுதாகரன் எண்டு இருக்கிறது அவையின்ர அப்பாமாரின்ர பேர்."

எங்கள் சுதாகரனுக்கும் இப்போது அந்த அப்பாமாரின் வயதுதான்.